ரவிக்கையைத் திருப்பிப் பாருங்கள்

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. கார்த்திகையிலேயே எழுதியிருக்க வேண்டும். எதைப் பற்றி என்று உங்களுக்குத் தெரியும்: நம் ரவிக்கை கைவேலையே இல்லை என்று ஒருவர் போட்ட வீடியோவைப் பற்றித்தான். அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "அக்கா, இது நம் கடை ரவிக்கைதானே?" என்று கேட்டவர்கள் மட்டும் முப்பது பேருக்கு மேல். கேட்டவர்களுக்கு நன்றி. கேட்காமலே வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போனவர்களுக்கு இந்த மடல் போய்ச் சேராது.

ஆம், நம் கடை ரவிக்கைதான். அரக்கு நிறம், முதுகில் ஜோடி அன்னம், கையில் மூன்று வரிசைக் கொடி. பொதி கட்டியதே நான்தான்.

"கைவேலை என்று சொல்லி விற்கிறார்கள், எல்லாமே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி" என்று அதில் ஒரு வரி வருகிறது. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். தாமதம் என்றால் ஒப்புக்கொண்டிருப்பேன். அந்த "எல்லாமே"தான் இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

அந்த அன்னம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதலில் ட்ரேசிங் தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுகிறோம். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் புள்ளி புள்ளியாக அன்னம் இறங்கும். பிறகு துணியை மரச்சட்டத்தில் முரசுத்தோல் போல இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்தால் தையல் சுருங்கிவிடும். ஒரு கை மேலே கொக்கி ஊசியைப் பிடித்திருக்க, மறு கை துணிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நூலை ஊட்டிக்கொண்டே இருக்கும். பாசி வைக்கும் இடத்தில் ஊசியிலேயே பாசிகளைக் கோத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கழுத்து வளைவுக்கு மட்டும் மூன்று நாள். அதைச் செய்த பெண் ஒன்பது வருடமாக இந்தச் சட்டத்தின் முன் உட்காருகிறாள். தையல் ஒரே சீராக இருக்கிறது, ஆகவே மிஷின் என்கிறார்கள். சீராகப் போட்டதற்கு அவளுக்குக் கிடைத்த பரிசு இது!

சந்தேகம் உள்ளவர்கள் ரவிக்கையைத் திருப்பிப் பாருங்கள். லைனிங் ஓரத்தை இரண்டு விரற்கடை பிரித்தால் போதும். கொக்கி ஊசியால் கையில் போடும் இந்த ஆரி வேலை மேலே சங்கிலியாகத் தெரியும். அடியில் அதே நிற நூல் சின்னச் சின்னக் கோடுகளாக ஓடும், முடிகிற இடத்தில் முடிச்சு இருக்கும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் அடிநூல் தனி, பெரும்பாலும் வெள்ளை; கிழித்தெடுத்த தாளின் மிச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கும். சங்கிலித் தையல் போடும் மிஷினும் உண்டு, எங்களிடம் இல்லை. என் அப்பா, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிய காலத்தில், கோயிலில் தொங்கவிடும் துணித் தொம்பையும் குடையும் தைத்தவர். வாங்குகிறவர் வெளிப்பக்கம் பார்ப்பார், இன்னொரு தையற்காரன் உள்பக்கம் பார்ப்பான் என்பார். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அவர் பேச்சு எனக்கு மாறவில்லை.

தீபாவளிக்கு முன்னால் இரண்டு பெண்கள் வேலையை விட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம். இன்னொருத்தி பனியன் கம்பெனியில் சேர்ந்தாள், அங்கே பி.எஃப். உண்டு, வாசலுக்கு வேன் வருகிறது, நான் எதைச் சொல்லி நிறுத்துவது? ஐப்பசி முகூர்த்தத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் அந்த வீடியோ ரவிக்கை உட்படச் சில ரவிக்கைகளின் கைக்கொடியை மட்டும் வெளியே மிஷினில் போட்டு வாங்கினோம். முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். கழுத்தும் முதுகும் எப்போதும் போலக் கைவேலைதான்.

இனி லைனிங் வைப்பதற்கு முன் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் தைப்போம். பார்த்துவிட்டு "சரி" என்று ஒரு சொல் போட்டால் போதும். இன்னொன்று: போனில் தெரியும் நிறமும் துணியின் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை. மயில்கழுத்து நிறம் கேட்டவரோடு அது பச்சையா நீலமா என்று நான் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். புடவை முந்தானை ஓரத்தில் ஒரு துண்டு அனுப்பிவிட்டால் அந்தச் சண்டை வராது.

விலைக்கு வருகிறேன். நூல், கல், ஜரிகை எல்லாம் ஏறியிருப்பது உண்மை. ஆனால் பெரிய காரணம் கூலி. மீதி இருக்கும் நான்கு பேரையும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகாமல் இருக்க வேண்டுமே. தை முதல் நாளிலிருந்து எளிய கழுத்து வேலை 1,800 ரூபாயிலிருந்து 2,200 ஆகிறது. மணப்பெண் ரவிக்கைக்கு வடிவத்தைப் பார்த்துச் சொல்கிறேன். விரைவு அஞ்சல் கட்டணமும் 2025 அக்டோபர் 1 முதல் மாறியிருப்பதால் தபால் செலவைத் தனியாகக் குறிப்போம்.

அமெரிக்காவில் இருக்கும் தங்கைகளுக்கு: 800 டாலருக்கு உட்பட்ட பொதிக்கு இருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் உங்கள் நாட்டு அரசு எடுத்துவிட்டது. இங்கேயும் அமெரிக்காவுக்கான தபால் பொதிகள் நின்று, அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கின. நவராத்திரிக்குக் கேட்ட ரவிக்கை தீபாவளி கழிந்து வந்தது என்று வருத்தப்பட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அந்தச் சுங்க வரியையும் நீங்கள்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

2020 ஊரடங்கில் சட்டங்களைச் சுவரில் சாத்திவிட்டு முகக்கவசம் தைத்தோம். தேவையே இல்லாமல் ஐம்பது ஐம்பதாக வாங்கியவர்கள் யார் யார் என்று அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மாவின் கூறைப்புடவை கிழிந்த பிறகும் அதன் கரையை வெட்டி, "இதை மகள் ரவிக்கையில் வைத்துக் கொடுங்கள்" என்று முகம் பார்க்காத என்னை நம்பித் தபாலில் அனுப்பியவர் உங்களில் ஒருவர். அந்தக் கரையில் கத்தரி வைத்த அன்று கை நடுங்கியது. உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்; வீடியோ போட்டவருக்கு அல்ல. அவர் ரவிக்கையைத் திருப்பி அனுப்பினால் கைக்கொடியைப் பிரித்துக் கையாலேயே போட்டுத் தருகிறேன், செலவு என்னுடையது.

பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை. தை முகூர்த்தத்துக்கு இனி எடுக்க இடமில்லை, மாசிக்கு எடுக்கிறோம். முன்பணம் பாதி, வரைந்த பிறகு அதைத் திருப்பித் தர இயலாது.

அன்புடன்,
உங்கள் தையற்கடை அக்கா, மதுரை.

பி.கு.: மாம்பழ மஞ்சளில் கிளி போட்ட ரவிக்கை கேட்டவர், அளவு ரவிக்கையை இங்கேயே விட்டுவிட்டார். உள்ளே ஊக்குப்பின்னில் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றும் குத்தியிருக்கிறது. யாருடையது என்று சொல்லுங்கள்.