டிரெய்லர் பலகை ஏன் மக்குது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் பெட்டி ஏத்துற டிரெய்லர்ல பலகை உளுத்துப் போனா எல்லாரும் உப்புக்காத்து மேலதான் பழி போடுறாங்க. உப்பு முக்கியமா திங்கிறது ஆணியையும் போல்ட்டையும்தாங்க, மரத்தை மக்க வைக்கிறது பூஞ்சை, மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அது வளராது. ஐஸ் தண்ணி வடிய பலகைக்கு நடுவுல சந்து விடணும், ஆனா நம்மாளுங்க நெருக்கி அடிச்சுட்டு மேல மட்டும் பெயிண்ட் அடிக்கிறாங்க, பலகை அதிகமா தண்ணி குடிக்கிறது வெட்டுன முனையிலயும் போல்ட் ஓட்டையிலயும்தான், நல்லா காயவிட்டு அங்கதான் முந்திரிக்கொட்டை ஓட்டுல எடுக்கிற எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ ஊற ஊறத் தடவணும் (முந்திரி எண்ணெய் கையில பட்டா கொப்புளம் போட்டுரும், பாத்து). வள்ளத்துக்கு எண்ணெய் பூசத் தெரிஞ்சவங்களுக்கு வண்டிக்குப் பூசத் தோணலையே! பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், மீன் ஏத்துற இடம். ஐப்பசி மழைக்கு முன்னாடியே இதெல்லாம் முடிச்சுட்டு வண்டிய கொஞ்சம் சரிவா நிறுத்துங்க, தண்ணி தேங்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தொண்டி