வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கிற 14 பேருக்கும் வணக்கம். வராத 28 பேருக்கும் வணக்கம், அவைக்கு இதை வட்ஸ்அப்பில போடுவன், ரெண்டு நீலக் கோடு விழும், அவ்வளவுதான்.

முதல்ல வழமையான விசயங்கள். பொங்கலுக்கு மரக்கண்டு குடுத்தனாங்கள். கூட்டுப்பசளை வகுப்பு ஒண்டு நடந்தது. வைகாசியில விதைப் பரிமாற்றம், பயித்தங்காய் விதை கனக்க வந்தது, கத்தரி ஒருத்தரும் கொண்டுவரேல்லை. நவம்பர் மரநடுகை டித்வா புயலோட நிண்டு போச்சு. நிர்வாகக் கூட்டம் 12 நடந்திருக்க வேணும், 7 நடந்தது, அதில கூட்டம் நடத்தப் போதிய ஆக்கள் (கோரம்) இருந்தது 3க்கு.

இனி அந்த மீன் தாங்கி, மீனையும் பயிரையும் ஒரே தண்ணியில சேத்து வளக்கிற திட்டம். "செயலாளர் சங்கக் காசில மீன் வளக்கிறார்" எண்டு சந்தியில கதைக்கிறது என்ர காதுக்கும் வந்திட்டுது எண்டபடியா இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லத்தான் வேணும்.

இது நானா எடுத்த முடிவில்லை, போன வருசம் நீங்கள் கையுயர்த்தின தீர்மானம். யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை, எல்லாத்துக்கும் கிணறுதான், அந்தக் கிணத்துக்கையே நாங்கள் கொட்டின யூரியா நைத்திரேற்றா இறங்கிக் கிடக்கு. 2021ல ரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டினநேரம் நாங்கள் பட்ட பாடும் தெரியும். மீன் தொட்டியும் பயிரும் சேந்தா யூரியாவும் வேண்டாம், ஒரே தண்ணி சுத்திச் சுத்தி ஓடுறபடியா தண்ணியும் மண்ணில செய்யிறதை விடக் கனக்கக் குறைவு. மீனிட கழிவில அமோனியா வரும், அது மீனுக்கே நஞ்சு, பயிர்த் தொட்டியில மண்ணுக்குப் பதிலாப் போடுற கல்லுச் சல்லியில ஒட்டி வாழுற பக்ரீரியா அதை முதல் நைத்திரைற்றாவும் பேந்து நைத்திரேற்றாவும் மாத்தும், பயிர் அதை எடுக்கும், தண்ணி திரும்ப மீனிட்டப் போகும். அந்தப் பக்ரீரியா குடியேற மட்டும் நாலு, அஞ்சு கிழமை வேணும். "இன்னும் மீன் விடேல்லையோ" எண்டு அப்ப நக்கலடிச்சவைக்கு இதுதான் பதில்.

வெள்ளை ஆயிரம் லீற்றர் தாங்கி ஒண்டை வாங்கி, என்ர வளவில வைச்சு, மேல் ஒரு அடியை வெட்டிக் கவிட்டு அதைப் பயிர்த் தொட்டியாக்கி, கீழ்ப் பங்கில 600 லீற்றர் தண்ணியும் 55 திலாப்பியாக் குஞ்சும். மோட்டர் தண்ணியை மேல ஏத்தும், நிறைஞ்சதும் சைபன் குழாய் இழுத்து ஒரேயடியா டொயிலற் ஃபிளஷ் மாதிரிக் கீழ விடும், முதல் நாள் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குலைச்சது. கங்குன் கீரை, பொன்னாங்காணி, நாலு தக்காளி வைச்சன். இவ்வளவும் 2024ல, போன அறிக்கையில ரெண்டு வரிதான் எழுதினனான், ஏனெண்டா அப்ப எல்லாம் வடிவா ஓடினது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறையில ஒரு குரங்கு மின்மாற்றியில தொட்டு முழு நாட்டுக்கும் கரண்ட் போன நாள், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உங்களுக்கு ஃபான் நிண்டது. எனக்கு 55 மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து காத்துக் குடிச்சுதுகள். தண்ணி கொஞ்சம், மீன் ஒவ்வொண்டும் 200 கிராம், காத்துப் பம்ப் நிண்டா ஒட்சிசன் எவ்வளவு நேரம் தாங்கும்? நானும் மனிசியும் பக்கத்து வீட்டுப் பெடியனும் வாளியால அள்ளி நெஞ்சு உயரத்தில இருந்து திரும்ப ஊத்தி ஊத்தி, அப்பிடி ஊத்தினாத்தான் காத்துக் கலக்கும், பின்னேரம் கரண்ட் வரும்வரைக்கும் நிப்பாட்டேல்லை. குரூப்பில "ஆராவது வாங்கோ" எண்டு போட்டன், கைகூப்பின படம் ஆறு வந்தது. 19 மீன் செத்துது. தென்னைக்குத் தாட்டன்.

அடுத்தது சல்லி. அது என்ர பிழை, ஒத்துக்கொள்ளுறன், ஆனா முழுக்க என்ர பிழையும் இல்லை. மதில் கட்டி மிஞ்சின கல்லு சும்மா கிடைச்சுது, போட்டிட்டன். கொஞ்ச மாசத்தில தக்காளியிட புதுக் குருத்து மஞ்சளிச்சுது, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறைவெண்டு பாத்து இரும்புச் சல்பேற் கரைச்சு விட்டன், அது பயிருக்குப் போகாமல் துரு மாதிரி அடியில படிஞ்சுது. மீன் தொட்டிக் கடையில வாங்கின டெஸ்ட் கிட்டில பிஎச் (தண்ணியிட அமில, காரத் தன்மையைச் சொல்லுற எண்) 8க்கு மேல நிண்டுது, இருக்கவேண்டியது 7க்குக் கிட்ட.

பங்குனியில எங்கட அங்கத்தவர் மேசன் அண்ணை சங்கத்துக் கடிதம் ஒண்டு கேட்டு வந்தவர், கிணத்தடிக்குப் போனவர் தாங்கிச் சல்லியில ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பாத்திட்டு, "தம்பி, உது ஊர்க் கல்லல்லோ, சுண்ணாம்பு" எண்டார். குசினிக்க இருந்து வினாகிரி எடுத்து ரெண்டு துளி விட்டார், கல்லு சின்னச் சின்னக் குமிழியா நுரைச்சுது. அந்தச் சுண்ணாம்பு கரையுமட்டும் பிஎச் இறங்காது, பிஎச் இறங்காமல் இரும்பு பயிருக்குக் கிடையாது, ஒரு நிமிசத்தில விசயம் முடிஞ்சுது. நான் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினன். எந்தச் சல்லி போடுறதெண்டு கதைச்ச கூட்டத்துக்கு அண்ணை வரேல்லை. அதுக்கு முதல் மூண்டுக்கும் வரேல்லை. அவரைக் குறை சொல்லேல்லை, கல்லைப் பற்றித் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான் எண்டதை மட்டும் பதிவு செய்யிறன்.

பேந்து வவுனியாப் பக்கத்துக் கருங்கல் சல்லி எடுத்து, ஒரேயடியா மாத்தினா பக்ரீரியா எல்லாம் போயிடும் எண்டு பாதி, ரெண்டு கிழமை விட்டு மிச்சப் பாதி. உதவிக்கு வந்தவை ரெண்டு பேர், அதில ஒருத்தர் பிள்ளையை ரியூசனால ஏத்தவேணும் எண்டு அரை மணித்தியாலத்தில போயிட்டார். பிஎச் இப்ப ஏழரை. அதுக்குக் கீழ இறங்காது, ஏனெண்டா கிணத்துத் தண்ணியே சுண்ணாம்புதான், உங்கட கேத்தில் அடியைப் பாத்தாத் தெரியும். மழைத்தண்ணி கலந்தா இன்னும் குறையும்.

ஆனியில கொழும்புக்குக் கலியாணத்துக்குப் போன 10 நாளும் மீனுக்குச் சாப்பாடு போட 10 பேரிட பேர் எழுதி ஒட்டினனான். வந்தவை மூண்டு பேர். அதில ஒருத்தர், நல்ல மனசோடதான், மிஞ்சின சோத்தைக் கொட்டியிருக்கிறார், தண்ணி கஞ்சி மாதிரிக் கலங்கிக் கிடந்துது.

ஆடியில மீன் பிடிக்கிற பருவம், ஒண்டு 350 கிராமுக்கு வந்திட்டுது. ஆயிரம் லீற்றருக்கு 20 கிலோ மீனுக்கு மேல வைக்கக்கூடாது, எங்கட 600 லீற்றருக்கு 12 கிலோ, 36 மீனும் சேர அது தாண்டுது. ஆனா நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிட்டுது. 25 நாளும் ஒரு வீட்டிலயும் மீன் இல்லை, இலவசமெண்டாலும் வேண்டாம், என்ர மனிசி தாங்கிப் பக்கமே போகேல்லை. கொடியேறுற திகதியைப் பாக்காமல் மீன் வளத்ததும் என்ர பிழைதான், எழுதிக் கொள்ளுங்கோ. திருவிழா முடிய 36ஐயும் பகிர்ந்தனாங்கள், அண்டைக்கு 31 பேர் வந்தவை. இந்த வருசத்தில ஆக்கள் ஆகக் கூட வந்தது அண்டைக்குத்தான். கங்குன் வாரத்துக்கு ரெண்டு பிடி வெட்டினம், அது வந்தவைக்கு மட்டும்.

கணக்கு விபரம் பொருளாளர் அக்கா வாசிப்பா. சுருக்கமா, வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி. தாங்கித் திட்டத்துக்குச் சங்கம் குடுத்தது 38,000 ரூபா, மிச்சம் எங்கையிருந்து வந்ததெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, அதால நானும் சொல்லேல்லை. வருசச் சந்தா 1200 ரூபா, 42 பேரில கட்டினது 17 பேர். கரண்ட் போனாலும் காத்துப் பம்ப் ஓட ஒரு பற்றறி வாங்கித் தந்தது கனடாவில இருக்கிற ஒரு அன்பர், அவருக்குச் சங்கத்தில அங்கத்துவமே இல்லை. அவருக்கு நன்றி. தலைவர் ஐயாவுக்கும், கதிரை தந்த வாசிகசாலைக்கும், வாளி பிடிச்ச பெடியனுக்கும் நன்றி.

அடுத்த வருசம் செயலாளர் பதவிக்கு நான் நிக்கப்போறதில்லை எண்டு சொல்லத்தான் நினைச்சனான். தைக்குப் பிறகு கண் ஒப்பரேசன் ஒண்டு இருக்கு, ரெண்டு கிழமை குனியக் கூடாதாம். புதுசா 40 குஞ்சு விட்டாச்சு, தாங்கி என்ர வளவில, வேற ஆரும் பாரமெடுக்க விருப்பமெண்டா இண்டைக்கே கை உயர்த்தலாம், நான் கணக்கோட ஒப்படைக்க ரெடி. இல்லையெண்டா நிக்கிறன், ஆனா அந்த ரெண்டு கிழமைக்கும் 14 பேர் வேணும், பேர் எழுதுற தாள் வாசல்ல ஒட்டிக் கிடக்கு. மழைத்தண்ணி பிடிக்க ரெண்டு பரலும் வேணும், ஆரிட்டயும் சும்மா கிடந்தாச் சொல்லுங்கோ. சோறு வேண்டாம், சாப்பாட்டுப் பை மேசையில இருக்கு, ஒரு சிறங்கை போதும்.

கூட்டம் முடியத் தேத்தண்ணியும் வடையும் இருக்கு. வடைக்குக் காசு நான் குடுத்தது, அது கணக்கில வராது.

இப்படிக்கு,
செயலாளர்