பிள்ளை வளர்கிற விதம்: ஹெல்சிங்கியிலிருந்து ஆத்தாவுக்கும் அப்பச்சிக்கும்

சிவமயம்

ஹெல்சிங்கி,
பின்லாந்து,
தை மாதம்.

அன்புள்ள ஆத்தாவுக்கும் அப்பச்சிக்கும் உங்கள் மகள் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு உங்கள் நலமும் அப்பத்தாவின் நலமும் அறிய ஆவல்.

தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று அப்பச்சி கேட்பீர்கள். போனில் ராசாவின் முகத்தைப் பார்த்ததும் ஆத்தாவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. "சாப்பிட்டானா, இளைத்திருக்கிறானே" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. போன வாரம் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிள்ளை அந்தக் குளிரில் ஆளில்லாமல் தனியாக வளர்கிறானே என்றீர்கள் ஆத்தா. நாலரை வயதாகியும் எழுத்துத் தெரியவில்லையே என்றீர்கள் அப்பச்சி.

முதலில் குளிரைச் சொல்கிறேன். இப்போது காலை ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டுகிறது. மழலையர் பள்ளிக்குக் கிளம்பும் எட்டு மணிக்கு வெளியே கும்மிருட்டு. கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஒரு சட்டை, அதற்கும் மேல் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாகத் தைத்த பனிக்கால உடுப்பு. அந்த உடுப்பின் கால் முனையில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதை இழுத்துப் பூட்ஸுக்கு அடியில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பனி உள்ளே புகுந்துவிடும். ராசா நடையில் உட்கார்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அந்தப் பட்டையோடு மல்லுக்கட்டுவான். ஒரு கால் மாட்டி முடிப்பதற்குள் மற்றது கழன்றுவிடும். எனக்குக் கை பரபரக்கும். ஆனால் குனியக் கூடாது. பள்ளியில் இருபது பிள்ளைகளுக்கு மூன்று நான்கு பேர்தான். பிள்ளைகள் தாமாகவே உடுத்தப் பழக வேண்டும், வீட்டிலும் அவகாசம் கொடுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். மாட்டி முடித்து நிமிர்ந்து என்னைப் பார்ப்பான் பாருங்கள், அந்த முகத்தை நீங்கள் ஒருநாள் பார்க்க வேண்டும்.

மார்பில், வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு வில்லை தொங்கும். இருட்டில் நடந்து போகிறவர்கள் வண்டிக்காரர் கண்ணில் படும்படி அதை அணிய வேண்டும் என்பது இங்கே சட்டம். பெரியவர்களும் அணிகிறார்கள்.

பள்ளியில் காலையும் மாலையும் பிள்ளைகளை வெளியே விட்டுவிடுகிறார்கள். மழை, பனி எதுவானாலும் விளையாட்டு வெளியில்தான். மைனஸ் 15 போலக் கடுங்குளிர் வந்தால் நேரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் நனைந்த கையுறை, காலுறை எல்லாவற்றையும் சூடான காற்று வீசும் ஓர் அலமாரியில் தொங்கவிடுகிறார்கள். மாலைக்குள் காய்ந்துவிடும். காலை உணவு, மதிய உணவு, மாலைச் சிற்றுண்டி மூன்றும் பள்ளியிலேயே. வியாழக்கிழமை தவறாமல் பட்டாணி சூப். யாரும் ஊட்டுவதில்லை, தானே எடுத்துச் சாப்பிட்டு, தட்டைத் தானே கொண்டுபோய் வைக்கிறான். சளி பிடிக்கத்தான் செய்கிறது. அதற்காகப் பிள்ளை இளைத்துப் போகவில்லை ஆத்தா, உயரம் கொடுக்கிறான். நாலு வயதுப் பரிசோதனைக்கு அரசாங்கத்தின் தாய்சேய் நிலையத்துக்குப் போயிருந்தோம். எடை, உயரம் பார்த்து, ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லி, படம் வரையச் சொல்லி, கடைசியில் அந்தச் செவிலி எங்கள் இருவரையும் பார்த்து "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், தூக்கம் வருகிறதா" என்று கேட்டார். பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் பெற்றவளை நலம் விசாரித்தது என் நெஞ்சில் அப்படியே நிற்கிறது.

அவன் பிறந்த சமயம் உங்களுக்கும் நினைவிருக்கும். கொரோனாவால் விமானமே இல்லை. பேறுகாலம் பார்க்க நீங்கள் வர முடியவில்லை. அப்போது உங்கள் மாப்பிள்ளைதான் எனக்கு ஆத்தாவாக இருந்தார். இந்நாட்டில் தகப்பனுக்கும் அப்போது 54 வேலைநாள் விடுப்பு உண்டு. இப்போது புதிதாகப் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தாய்க்கு 160 நாள், தகப்பனுக்கு 160 நாள் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் குளிப்பாட்டினார், பூண்டுக் குழம்பு வைத்தார், நள்ளிரவில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, வீட்டில் தனியாக இருக்க முடியாத நாட்களில், தள்ளுவண்டியில் பிள்ளையைப் படுக்கவைத்து டிராமில் ஏறிவிடுவேன். தள்ளுவண்டிக் குழந்தையோடு வருபவர் அப்போது டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. கடற்கரைவரை போய்த் திரும்புவேன். மறு கோடையில் நீங்கள் வந்தபோது அந்த வண்டியில்தான் அவன் வாசலில் தூங்கினான். "பிள்ளையை வெளியே போட்டு உறங்கவைப்பார்களா" என்று நீங்கள் அரண்டுபோனீர்கள். பனிக்காலத்திலும் கம்பளிப் பைக்குள் சுற்றி அப்படித்தான் தூங்கவைத்தேன். உள்ளே அரை மணி தூங்குகிறவன் வெளியே இரண்டு மணி தூங்கினான்.

இதையெல்லாம் யோசிக்கும்போது அப்பச்சியின் தாத்தா, அந்த ஐயாதான் நினைவுக்கு வருகிறார். மீசை முளைக்காத வயதில் கடை எடுபிடியான பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை அவரைப் பார்த்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் இந்தக் கதை! தேக்கும் கண்ணாடியும் கடல் தாண்டி வந்து சேர்ந்தன, தகப்பன் மட்டும் வரவில்லை. ராசாவுக்கு அந்தக் குறை இல்லை. அவனுக்கு இல்லாதது வளவு முற்றம் நிறைய ஆட்கள். ஐயா மடி, ஆயா கைச்சோறு, பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளோடு பட்டாலைக் கூடத்தில் உருளுகிற மத்தியானம், இவை இல்லை. அதை நான் மறைக்கவில்லை ஆத்தா. எனக்கு அது தினமும் வலிக்கிறது. ஆனால் அவன் தனியாக இல்லை.

பிள்ளையார் நோன்பைச் சொல்கிறேன், அப்போது உங்களுக்கே புரியும். கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாளும் கோடி வேட்டியிலிருந்து தினம் ஒரு நூலை அவனே உருவினான். பள்ளிக்குப் போகுமுன், விளக்கடியில் நின்று, நூல் அறுந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பான். நம்மவர்கள் நாலு குடும்பம் ஒரு வீட்டில் கூடினோம். நீங்கள் அனுப்பிய காய்ந்த ஆவாரம்பூவை வைத்தோம். கருப்பட்டிப் பணியாரம் எனக்குச் சரியாக வந்தது. அவன் வயிற்றில் இருந்த வருஷம் நூல் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு விழுங்கும் இழையை நான் இரண்டு எடுத்தேன், ஒன்று அவனுக்காக. பிறகு வந்த வருஷங்களில் சுடரை அணைத்து மாவை மட்டும் ஊட்டினோம். இந்த வருஷம் பெரியவர் இழை கொடுக்கக் கை நீட்டியபோது, அவனே முன்னால் போய் நின்று, எரிகிற சுடரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான். கண் சிமிட்டவில்லை. விழுங்கியதும் "அம்மா, சுடவே இல்லை" என்றான். மறுநாள் பள்ளியில் அந்தக் கதையை அவர்கள் மொழியில் சொல்லியிருக்கிறான். ஆசிரியை நெருப்பு விஷயம் உண்மையா என்று என்னைக் கேட்டார். ஆம் என்றேன்.

இனி எழுத்து. இங்கே ஏழு வயதில்தான் பள்ளிக்கூடப் படிப்பு தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஓர் ஆண்டு முன்பள்ளி. அதுவரை ஆடுவது, பாடுவது, காட்டுக்குள் போய்க் குச்சி பொறுக்குவதுதான். எனக்கும் ஆரம்பத்தில் பதைப்பு இருந்தது. இப்போது இல்லை. அவர்கள் மொழி எழுத்தை ஏழு வயதில் கற்றுக்கொள்ளட்டும். தமிழை மட்டும் அதுவரை விட்டுவைக்க எனக்கு மனம் இல்லை. அதற்கு அப்பச்சி, நீங்கள்தான் வேண்டும். தமிழில் அவன் பெரும்பாலும் எங்கள் இருவர் பேச்சையே கேட்டு வளர்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனோடு அரை மணி பேசுங்கள். எழுத்து கேட்க வேண்டாம், கேள்வியும் கேட்க வேண்டாம். பிள்ளையார்பட்டிக்கு நடந்துபோன கதை, ஊருணியில் நீச்சல் பழகிய கதை, ஐயா கப்பலேறிய கதை, இவற்றைச் சொல்லுங்கள். கதை கேட்டுவிட்டால் எழுத்தை அவனே தேடி வருவான்.

ஆனி மாதம் பள்ளி விடுமுறையில் வருகிறோம். ஆறு வாரம் இருப்போம். ஆத்தாவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வந்த முதல் வாரம் ஆசைதீர நீங்களே ஊட்டுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதன்பிறகு அவனைத் தானே சாப்பிட விடுங்கள். சட்டையை மாற்றிப் போட்டாலும் அவனே சரிசெய்வான், நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டுக் கிணற்றுக்கு மட்டும் மூடி போட்டுவையுங்கள். அவனுக்குப் பயம் தெரியாது.

அப்பத்தாவுக்கு என் வணக்கம். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்