உன் பேருக்கும் சங்கக் காணிக்கை கட்டிவிட்டேன்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

இந்த வருஷச் சங்கக் காணிக்கையை உன் பேருக்கும் மருமகள் பேருக்கும் சேர்த்தே கட்டிவிட்டேன். நீ கேட்கவில்லை, தெரியும். சபை ரிஜிஸ்டரில் பேர் இருக்கட்டும். சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதே, போட்டோவில் பார்த்தேன்.

"இவ்வளவு சண்டை போடுகிற சபையில் இன்னும் ஏம்மா இருக்கீங்க" என்று கேட்டாய். சண்டை இல்லை என்று சொல்லமாட்டேன். திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பேராயருக்குக் கீழே உள்ள சபைகள் எல்லாவற்றுக்குமான தேர்தல், வந்தால் அணி அணியாகப் பிரிகிறார்கள், தோற்றவர் கோர்ட்டுக்குப் போகிறார், ஒரு குருவானவருக்குக் கீழே உள்ள நம் சேகரத்தின் கமிட்டியில் கணக்குக் கேட்டால் முறைக்கிறார்கள். அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் பேசுவதில்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நம் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) சும்மா கூடிய சபை இல்லை. தனித்தனியாக இருந்த சபைகளை ஒன்றாக இணைக்க 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 வருஷம் இழுத்து, 1947 செப்டம்பர் 27 அன்றுதான் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் முடிந்தது. இங்கிலாந்து சபை வழிவந்த ஆங்கிலிக்கன்காரர்களுக்குப் பேராயர் (பிஷப்) இல்லாமல் முடியாது. மற்றவர்களில் பலருக்குப் பேராயர் என்றாலே ஆகாது. நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர் அதற்காக அவ்வளவு பாடுபட்டு, இணைப்பைப் பார்க்காமலே 1945-ல் கண்மூடினார். கடைசியில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தார்கள். ஏற்கெனவே குருவானவராய் இருந்தவர்களுக்கு மறு அபிஷேகம் வேண்டாம், இனி வருகிறவர்களைப் பேராயர்தான் அபிஷேகம் பண்ணவேண்டும் என்று முடிவானது. ஒரு சபையின் மனசாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ குருவானவரையோ அதன்மேல் திணிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார்கள். முதலில் சேராமல் நின்ற ஆந்திராவின் நந்தியால் ஆங்கிலிக்கன்காரர்களில் பலரும் 1975-ல் வந்துவிட்டார்கள். இன்றைக்கு அணி சேர்க்கிறவர்கள் அந்த 28 வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரிந்து போவதும் புதிதில்லை. 1857-ல் நம் திருநெல்வேலிச் சீமை நாசரேத் பக்கம் அருமைநாயகம் என்பவர் மிஷனரிமாரோடு முரண்பட்டுத் தனிச்சபை கண்டார். அவருக்கும் காரணம் இருந்தது. உனக்கும் இருக்கும். எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். தேர்தலில் ஜெயித்தவர்களுடைய சொத்தா சபை? கணக்குக் கேட்க உள்ளே ஆள் வேண்டாமா? நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேராயர் கைவைத்து உன்னைச் சபையின் முழு அங்கத்தினனாக்கிய திடப்படுத்தலன்று நீ ஒரு வார்த்தை பிசகாமல் பதில் சொன்னதைக் குருவானவரே மெச்சினார். அப்படிப்பட்ட பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறான் என்று ஊரார் கேட்டால் நான் என்ன சொல்ல? ஜெபத்தை விடாதே. எங்கே போனாலும் ஜெபத்தை விடாதே.

சுற்றிச் சுற்றி எழுதுகிறேன். கேட்க வந்தது சின்னவனின் ஞானஸ்நானம். நீங்கள் இப்போது போகிற சபையில் குழந்தைக்குக் கொடுப்பதில்லை, வளர்ந்தபிறகு முழுக்கு ஞானஸ்நானம்தான் என்கிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முடிவு உங்கள் இருவருடையது, மருமகளை வற்புறுத்தாதே. ஆனாலும் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு வாருங்கள். சம்மதம் என்றால் குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஞானத்தகப்பனாகப் பெரியப்பாவைக் கேட்கலாம் என்று அப்பாவே நேற்று சொன்னார். அவரே சொன்னார், ராசா. எந்த ஞாயிறு என்று மட்டும் எழுது, அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போவார்.

இப்படிக்கு,
அம்மா