பாட்டியின் ரெத்தியோ

அன்புள்ள கண்ணா,

சாப்பிட்டாயா? இங்கே ஆவிலாவில் நேற்று இரவு பனி கொட்டித் தீர்த்துவிட்டது. காலையில் கோட்டைச் சுவர் முழுவதும் வெள்ளை. லண்டன் குளிர் இவ்வளவு இருக்காது என்று நீ சொல்வாய். இருந்தாலும் செலவைப் பார்த்து ஹீட்டரை அணைத்து வைக்காதே.

பாட்டி சொல்லும் 'ரெத்தியோ' என்ற ஸ்பானிஷ் சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன போடலாம் என்று மூன்று வாரத்துக்கு முன்பு ஒரே வரியில் கேட்டிருந்தாய். அன்றைக்கே பதில் எழுதினேன். அதன் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், நிதானமாகப் படி.

'ஹார்ஷ்', அதாவது கடுமையானது, என்று போட நினைக்கிறாய். தப்பென்று சொல்ல மாட்டேன். பெரு நாட்டு எழுத்தாளர் வார்காஸ் யோசா 2019இல் வெளியிட்ட நாவலின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. 2021இல் வந்த ஆங்கிலப் பதிப்புக்கு 'ஹார்ஷ் டைம்ஸ்' என்றே பெயர். குவாத்தமாலாவில் 1954இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பின் கதைக்கு அது பொருந்துகிறது. ஆனால் அந்தத் தொடர் நம் ஊர்ப் புனிதர் தெரேசா அம்மையாருடையது. தம் வாழ்க்கை வரலாற்றின் 33ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார்: காலம் ரெத்தியோவாக இருக்கிறது, உங்கள்மேல் ஏதாவது பழி சுமத்தி திருச்சபையின் விசாரணை மன்றத்தாரிடம் போய்விடுவார்கள் என்று சிலர் பயந்துகொண்டு வந்து சொன்னார்களாம். அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். 'ஹார்ஷ்' என்று போட்டால் பயந்தவர்கள் வந்துவிடுகிறார்கள், சிரித்தவர் வருவதில்லை.

பாட்டி எதற்கெல்லாம் அதைச் சொல்வார் என்று நினைத்துப் பார். எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்து 'ரெத்தியோ' என்று பத்துத் தடவை சொல்லவைத்தார். ஜனவரிக் குளிர் ரெத்தியோ. விடாமல் கூரையில் அறையும் மழை ரெத்தியோ. கனத்து, நன்றாக விளையும் மண்ணும் ரெத்தியோதான். அடுப்படியிலிருந்து நாம் மெதுவாகப் பேசினால், "ரெத்தியோவாகப் பேசு, காது கேட்கவில்லை" என்பார். அடிப்பதற்கும் அந்தச் சொல், அடியைத் தாங்கி நிற்பதற்கும் அதே சொல். ஆங்கிலத்தில் ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவிவிடுகிறது. அதனால் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. குளிருக்கு 'ஹார்ட்' போடு, ஆளுக்கு 'ஸ்டர்டி' போடு, குரலுக்கு 'லவுட்' போதும். இடம் பார்த்துப் போடு.

உன் பெயர் அச்சான முதல் புத்தகத்தை ரொட்டிக்கடைக்காரர் வரைக்கும் காட்டிவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். நீ அனுப்பி வைத்த பிரதி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். காசு கொடுத்து வரவழைத்தேன். இரண்டு வரி எழுதி ஒரு பிரதி அனுப்ப உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவளையும் கேட்டதாகச் சொல். சொல்ல முடியாத நிலை என்றால் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய படத்தில் உனக்குப் பின்னால் இருந்த கொக்கியில் ஒரே ஒரு கோட்டு தொங்கியது.

ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதே என்று மறுபடியும் எழுத வந்தேன். அதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பாவை அடக்கம் செய்த அன்று உனக்குப் பதினொரு வயது. என் கோட்டுப் பைக்குள் கையை விட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் உதடு துடித்தது. நான் குனிந்து, தமிழில்கூட இல்லை, பாட்டியின் மொழியில், "ரெத்தியோவாக இரு" என்றேன். நீ அழவில்லை. கையை மட்டும் என் பையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டாய். எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். நானும் பெருமைப்பட்டேன், கண்ணா. நீ அழுதால் நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்று எனக்குப் பயம். என்னிடம் இல்லாத தெம்பை ஒரு குழந்தையிடம் கேட்டேன். அதற்குப் பிறகு நீ என் எதிரில் அழுததே இல்லை. பாட்டி ஒருநாளும் அதை யாரையும் வாயடைக்கச் சொன்னதில்லை. நான் சொன்ன அந்த ஒரு இடத்துக்கு நீ 'ஹார்ஷ்' என்றே போடு.

அத்தை மகள் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறாள். பார்கோ பீன்ஸ் இரண்டு கிலோ கொடுத்தனுப்பியிருக்கிறேன். முதல் நாள் இரவே ஊறவை. ஒருவனுக்கு ஒரு கைப்பிடி போதும்.

ராத்திரி எத்தனை மணியானாலும் போன் செய். பேச வராவிட்டாலும் செய். நான் வைக்க மாட்டேன்.

அம்மா