வேளாங்கண்ணிக்கு ஏன் நடக்கிறோம்?

ஐயா,

வேளாங்கண்ணி மாதா திருவிழாவின் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் நெருங்கினாலே, காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சப்பர வண்டியை இழுத்தபடி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்க்கலாம். பஸ்ஸும் ரயிலும் இருக்க ஏன் இந்தப் பாடு என்று கேட்கிறார்கள். நடப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மகளுக்கு வரன், மகனுக்கு வேலை என்று நீண்ட வேண்டுதலோடுதான் புறப்படுகிறோம். உள்ளங்காலில் கொப்புளம் கண்டபின் அந்த வேண்டுதல் தானாகச் சுருங்கிவிடும். தடுமாறும் பெரியவருக்குக் கைகொடுப்பதும், ஜெபமாலைக்குக் குரல் சேர்ப்பதுமே மிஞ்சும். வழியில் இந்து வீட்டுப் பெண்கள் சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டுவார்கள். பிறர் தயவில் ஒரு வாய் குடிக்கும்போது மனதின் இறுக்கம் தளர்வதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை அருளின் ஆண்டாகக் கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டுக்குத் திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் தந்த கருப்பொருள் ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’; எதிர்நோக்கு என்றால் நம்பிக்கையோடு காத்திருப்பது. மாதா குளத்துக்குச் செல்லும் மணல்பாதையில் முழங்காலிலேயே நகரும் தாய்மார்களிடம் அந்த எதிர்நோக்கை நான் காண்கிறேன்.

ஆனால் சில குழுக்களில் ஸ்பீக்கர் சத்தத்தில் ஜெபமே காதில் விழுவதில்லை. காலித் தண்ணீர் பாட்டில்கள் வயலில் கிடக்கின்றன. மொட்டை போட்டு, கடலில் குளித்து, பாவசங்கீர்த்தனமோ (குருவிடம் பாவ அறிக்கை) திருப்பலியோ (பூசை) இல்லாமல் திரும்புபவர்களும் உண்டு. குழு புறப்படுமுன் பங்குத்தந்தையர் ஒரு மாலையாவது எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். இரவில் நடப்பவர்களுக்கு ஒளிரும் பட்டைகளையும் அன்றே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு பாதயாத்திரைப் பக்தன், கடலூர்