ஒரு மீற்றர் வடிகான் தாருங்கள்

அன்பின் உறவுகளே,

எங்கள் 'தோட்டத்துக் காணி' குடியிருப்புக்கு வடிகான் கட்ட உதவி கேட்கிறோம். அதற்கு முன் ஒரு மன்னிப்பு. மூன்று வருடங்களுக்கு முன் இதே குழு உங்களிடம் கையேந்தி வந்தது. அப்போது கேட்டது கொங்கிறீட் வீதிக்கு. நீங்களும் மனம் கோணாமல் தந்தீர்கள். முதலாம் ஒழுங்கையில் 60 மீற்றருக்கு வீதி போட்டோம். தந்தவர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் வெட்டி ஒழுங்கை முனையில் பதித்தோம், படம் எடுத்து வெளிநாட்டுக்கும் அனுப்பினோம். அந்தப் பெயர்க்கல் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை நன்றாகத் தெரியும். கார்த்திகையில் வந்து தேடினால் முழங்கால் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிழை எங்களுடையது, மேசன்மாருடையது அல்ல. அவர்கள் "கான் வெட்டாமல் இதைப் போடக்கூடாது, அடியில் சல்லியும் கிறவலும் இறுக்க வேண்டும்" என்று சொன்னார்கள். கையில் இருந்த காசுக்கு நீளம் குறைந்துவிடும் என்று நாங்கள்தான் கேட்கவில்லை. மணலின் மேல் நேராக நான்கு அங்குலக் கொங்கிறீட், சரிவு இல்லாமல் தட்டையாக. முதல் மாரியில் தண்ணீர் மேலே நின்றது. நின்ற தண்ணீர் இணைப்பு வழியே இறங்கி அடிமணலை அரித்தது. அடுத்த வருடம் ஒரு டிப்பர் ஏறியபோது, அடியில் வெறும் பொந்தாக இருந்த இடத்தில் தளம் மூன்றாகப் பிளந்தது. உங்கள் காசு வீணானதை மறைத்துவிட்டு இரண்டாம் முறை கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறோம்.

எங்கள் இடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சற்று விளக்கம். மட்டக்களப்பில், ஆரையம்பதிக்குத் தெற்கே, கல்முனை வீதிக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவில் உள்ள மூன்று ஏக்கர் காணி. பழைய ஆட்கள் இன்றும் இதைத் 'தோட்டத்துக் காணி' என்றுதான் சொல்கிறார்கள். தென்னந்தோட்டமாக இருந்ததைப் பத்துப் பேர்ச் பத்துப் பேர்ச்சாகப் பிரித்து விற்றார்கள். 41 துண்டு, இன்று 41 வீடு. வங்கிக் கடன் எடுத்துக் கட்டியவர்கள், மத்திய கிழக்கில் உழைத்த காசில் கட்டியவர்கள், சீதன வீடு கட்டிக் கொடுத்தவர்கள் எல்லோரும் கலந்து இருக்கிறோம்.

விற்றவர் காட்டிய வரைபடம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. 20 அடி வீதி, அதன் ஓரத்தில் வடிகான் என்று நீல நிறத்தில் அழகான கோடு. காணியைத் துண்டாக்கும்போது வீதியும் தண்ணீர் போகும் வழியும் காட்டி அனுமதி எடுக்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஆனால் தாளில் இருந்த கோடு மண்ணுக்கு இறங்கவே இல்லை. கடைசித் துண்டு விற்றதோடு அவர் போய்விட்டார், வீதி யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது. தரத்துக்குக் கட்டாத வீதியை பிரதேச சபை பொறுப்பெடுக்காது. பொறுப்பெடுக்காத வீதிக்கு சபைப் பணம் செலவழிக்க வழியில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, நிலைமை அதுதான். (புதிதாகக் காணி தேடும் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: சித்திரை வெயிலில் போய்ப் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள், மார்கழி மழையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.)

"மணல் பூமிதானே, தண்ணீர் உறிஞ்சிவிடுமே" என்று கேட்கலாம். தோட்டமாக இருந்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2011 தை மாதப் பெருவெள்ளத்திலேகூட இங்கே தேங்காய் பொறுக்கினோம் என்று பக்கத்துக் காணிப் பெரியவர் சொல்வார். இப்போது கூரையும் சீமெந்து முற்றமுமாக நிலத்தில் பாதிக்கு மேல் மூடிவிட்டோம். மிச்ச மணலும் வாடைக் காற்று மழை இரண்டு கிழமை பெய்தால் நிரம்பிவிடும். ஐப்பசியில் கிணற்றில் எட்டு அடிக்குக் கீழே நிற்கும் தண்ணீர் மார்கழியில் கையால் அள்ளும் உயரத்துக்கு வருவதை மட்டக்களப்பு ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடியில் இடமில்லாத மணல் எதை உறிஞ்சும்?

கணக்கும் பெரிய கணக்கல்ல. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். பத்துப் பேர்ச் வளவு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்த ஒரு நாளில் அந்த ஒரு வளவில் மட்டும் 25,000 லீற்றருக்கு மேல் விழுகிறது. கூரையில் வைக்கிறோமே ஆயிரம் லீற்றர் தாங்கி, அதில் இருபத்தைந்து. மூன்று ஏக்கருக்கும் சேர்த்தால் 12 இலட்சம் லீற்றர். இதற்குப் போக ஒரு வழிகூட நாங்கள் வைக்கவில்லை.

வழி இல்லாததால் என்ன செய்தோம்? ஆளுக்கு ஆள் வளவை உயர்த்தினோம். ஒருவர் நாலு லோட் கிறவல் கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் ஆறு லோட் கொட்டுவார். கடைசியில் காசு இல்லாதவரின் வளவுதான் குளமானது. படலைக்கு முன்னால் ஏற்றம் கட்டி, இருந்த சிறு பள்ளங்களையும் அடைத்தோம். ஒரே பந்தியில் ஒன்றாக இருந்து சாப்பிடும் குடும்பங்கள் வேலியோரத்தில் நின்று சண்டை பிடித்த கதை வேண்டாம். 2024 நவம்பர் மழையில் பதினொரு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் ஒரே தண்ணீருக்குள் கிடந்தன. வடிந்த பிறகு ஒவ்வொரு கிணறாக இறைத்துக் குளோரின் போட்டு முடிக்க மூன்று கிழமை ஆனது. அதற்குப் பின்னால் நுளம்பு.

சரி, இந்த முறை என்ன செய்யப் போகிறோம்?

வீதி போடவில்லை. வடிகான் மட்டும். அதன் மட்டத்தை வைத்துத்தான் பிறகு வீதி. ஒழுங்கைகளின் ஓரமாக மொத்தம் 240 மீற்றர் நீளத்துக்குக் கம்பி வைத்த கொங்கிறீட் வடிகான், உள் அகலம் 60 சென்ரிமீற்றர், ஆழம் குறைந்த இடத்திலும் 45 சென்ரிமீற்றர். அங்கிருந்து, சபையின் பொறுப்பில் உள்ள உள் வீதிக்கு அடியால் மதகு, பிறகு 90 மீற்றர் திறந்த வாய்க்கால், முடிவில் வாவி. மட்டக் கருவியால் லெவல் பிடித்துப் பார்த்ததில் மேல் முனைக்கும் வாவிக்கரைக்கும் நான்கரை அடி வித்தியாசம் இருக்கிறது. 300 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு வைக்க இது போதும். எங்களைப் போன்ற தட்டை நிலத்தில் வடிகானின் அகலத்தைவிட இந்தச் சரிவுதான் முக்கியம். லெவல் பிடிக்காமல் கண் பார்வையில் கட்டிய கானில் தண்ணீர் ஓடாது, நிற்கும். நின்றால் மண் படியும், நுளம்பு முட்டையிடும். காசு கொடுத்து நுளம்புக்கு வீடு கட்டிய ஒழுங்கைகள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இந்த அளவும் சரிவும் உள்ள வடிகானில் நிரம்ப ஓடும்போது நொடிக்கு 300 லீற்றருக்குச் சற்று மேல் போகும். மணிக்கு 60 மில்லிமீற்றர் வேகத்தில் அடித்து ஊற்றினாலும் எங்கள் மூன்று ஏக்கரிலிருந்து வருவது ஏறக்குறைய 200 லீற்றர். மீதி, படியும் மண்ணுக்கும் எங்கள் பிழைகளுக்கும் விட்ட இடம்.

மணலில் கட்டுவதால் இன்னும் சில கவனங்கள். மாரியில் நிலத்தடித் தண்ணீர் அடியிலிருந்து தள்ளும்போது வெறும் வடிகான் தோணி மாதிரி மிதக்கப் பார்க்கும். அதனால் பக்கச் சுவரில் இடைவெளி விட்டுக் கசிவுத் துளைகள், அவற்றின் பின்னால் வடிதுணியும் சல்லியும். துணி இல்லாவிட்டால் மணலும் சேர்ந்து உள்ளே வந்து, வெளியே வளவு இறங்கிவிடும். கடல் மணல் ஒரு சட்டிகூடச் சேர்க்கக்கூடாது, உப்பு கம்பியைத் தின்றுவிடும். போட்ட கொங்கிறீட்டை ஏழு நாள் சாக்கு மூடி நனைக்க வேண்டும். நனைக்கும் முறையை வீட்டு வீடாகப் பங்கு பிரித்து எழுதிவிட்டோம், அவரவர் படலைக்கு முன்னால் உள்ள துண்டு அவரவர் பொறுப்பு. ஒழுங்கை மூலைகளில் ஆறு மண் பிடிக்கும் குழிகள் வரும். மூடி கழற்றி வாரக்கூடிய மாதிரி, ஏனென்றால் நிரந்தரமாக மூடிய கானை யாரும் துப்புரவு செய்வதில்லை.

இப்போது காசு. வடிகான் ஒரு மீற்றருக்கு 15,500 ரூபா, 240 மீற்றருக்கு 37,20,000. வீட்டு வாசல்களுக்கு 41 மூடிப் பலகை, ஒன்று 12,000 வீதம் 4,92,000. மண் குழி ஆறும் 1,68,000. மண் தோண்டும் பெக்கோ இயந்திரக் கூலி, லெவல் வேலை, மண் அகற்றல் எல்லாமாக 2,20,000. வாவி வரையிலான வாய்க்காலுக்கும் அதன் கரைக் கல்லுக்கும் 3,50,000. மொத்தம் 49,50,000 ரூபா. உள் வீதிக்குக் கீழே இப்போது இருக்கும் சின்னக் குழாயை எடுத்துவிட்டுப் பெட்டி மதகு போடுவதை சபை தன் வேலையாக ஏற்றிருக்கிறது, அது இந்தக் கணக்கில் இல்லை.

எங்கள் பங்கு வீட்டுக்கு 40,000. பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்களும் நாட்கூலிக் குடும்பங்களுமான ஆறு வீட்டாரிடம் காசு கேட்கவில்லை. அவர்களாகவே வந்து, சிரமதானத்தில் கூடுதல் நாள் தருகிறோம் என்றார்கள். மற்ற 35 வீட்டிலும் சேர்ந்தது 14,00,000. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள், சகோதரங்கள் அனுப்பியது 9,50,000. குறைவது 26,00,000 ரூபா. மீற்றராகச் சொன்னால் ஏறக்குறைய 168 மீற்றர்.

அதனால்தான் மீற்றர் கணக்கில் கேட்கிறோம். ஒரு மீற்றர் முடிந்தவர்கள் ஒரு மீற்றர், இரண்டு பேர் சேர்ந்து அரை அரையாக, ஒரு வகுப்பு நண்பர்கள் சேர்ந்து பத்து மீற்றர். ஐந்நூறு ரூபா தருபவருக்கும் பற்றுச்சீட்டு உண்டு. காசாகத் தர முடியாதவர்கள் சீமெந்து, ஆற்று மணல், கம்பி என்று பொருளாகத் தரலாம். உழவு இயந்திரப் பெட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு நாள் ஓட்டித் தந்தால் அதுவும் பெரிய உதவி.

பெயர்க்கல் இந்த முறை இல்லை. வடிகானில் பெயர் போட யாருக்கும் ஆசை வராது என்பது எங்களுக்குத் தெரியும். வீதிக்கோ கோயில் மணிக்கூண்டுக்கோ கேட்டால் ஒரே கிழமையில் சேர்ந்துவிடும். கானுக்கு என்றால் "யோசித்துச் சொல்கிறேன்" என்பார்கள். தந்தவர்கள் பெயரும் தொகையும் பொதுமண்டபச் சுவரில் தாளில் இருக்கும், ஒவ்வொரு மாதமும் செலவுக் கணக்கும் பக்கத்தில் ஒட்டப்படும். காசு மூவர் பெயரில் உள்ள கூட்டுக் கணக்கில் இருக்கிறது. இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. அந்த மூவரில் மூன்று வருடங்களுக்கு முன் பொறுப்பாக இருந்த யாரும் இல்லை, அவர்கள் தாமாகவே விலகிக்கொண்டார்கள். ஒவ்வொரு 40 மீற்றரும் முடிந்த பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் மட்டமும் தடிப்பும் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த பகுதிக்குக் காசு வெளியே போகும்.

41 வீட்டுக்காரரும் ஒரு தாளில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்: இனிமேல் வீதி மட்டத்துக்கு மேல் யாரும் படலை ஏற்றம் கட்டுவதில்லை, குசினித் தண்ணீர், குளியலறைத் தண்ணீர், மலசலகூடக் குழியின் வழிதல் எதையும் கானுக்கு விடுவதில்லை, புரட்டாதியில் ஒரு ஞாயிறு எல்லோரும் இறங்கி மண் வாருவது. கடைசிக் கையெழுத்துக்கு ஆறு கிழமை அலைந்தோம். அவருடைய வாசல் ஏற்றத்தை உடைக்க வேண்டியிருந்தது. தேநீர் குடித்துக் குடித்தே சம்மதித்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாவி கடலில் சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டு வாவியே ஏறி வரும் நாட்களில் இந்த வடிகான் எங்களைக் காப்பாற்றாது. வெளியே தண்ணீர் உயர்ந்து நின்றால் உள்ளே இருப்பது போகாது. 2011 போன்ற வெள்ளத்துக்கு இது மருந்தல்ல. அந்த மணலை வெட்டி வாய் திறந்து வாவி இறங்கத் தொடங்கியதும் எங்கள் தண்ணீரும் கூடவே இறங்கும், அவ்வளவுதான். ஆனால் வருடத்துக்கு நாலைந்து தடவை, வாவி அமைதியாகக் கிடக்கும்போதே எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறதே, அது நிற்கும்.

வேலையை வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கு முடிந்த கையோடு தொடங்க நினைக்கிறோம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலத்தடித் தண்ணீர் கீழே போய்விடும், கிடங்கு வெட்டினால் ஊறாது. ஆவணி கடைசிக்குள் கொங்கிறீட் வேலை முடிய வேண்டும். ஐப்பசி மழை வந்த பிறகு தோண்டினால் பக்க மணல் சரிந்து, வெட்டிய கூலியே இரண்டு மடங்காகும். ஆகவே சித்திரை வருடப்பிறப்புக்கு முன் உங்கள் பதில் தெரிந்தால் எத்தனை மீற்றருக்குக் கம்பி வாங்குவது என்று முடிவு செய்யலாம். தொகை முழுக்கச் சேராவிட்டால் வாவிப் பக்கத்திலிருந்து மேல் நோக்கிக் கட்டிக்கொண்டு வந்து, காசு முடியும் இடத்தில் நிறுத்துவோம். மேலிருந்து தொடங்கினால் பாதியில் நின்ற கான் நடு ஒழுங்கையில் இருக்கும் வீட்டுக்குள்தான் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றும்.

வங்கிக் கணக்கு இலக்கத்தை இங்கே போடவில்லை. போட்டால் யாராவது இலக்கத்தை மாற்றிவிட்டு வேறு இடத்தில் பகிர்ந்துவிடுவார்கள் என்ற பயம். இதை உங்களுக்கு அனுப்பிய எங்கள் குடியிருப்புக்காரரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அனுப்பிய பிறகு பற்றுச்சீட்டின் படத்தையும் அவரிடமே கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் ஞாயிறு காலையில் நேரில் வந்தால் லெவல் பிடித்து அடித்த முளைகளையும், உடைந்த பழைய வீதியையும் காட்டுவோம். பெயர்க்கல் இப்போது வெளியே தெரிகிறது, அதையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தோட்டத்துக் காணி வீதி, வடிகான் அமைப்புக் குழுவினர்